இருநூறு கேபிக்குள்

பஸ்ஸில் ஏறியதும் கோதண்டம் வழக்கம்போல இடதுபக்கம் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கையில் உட்கார்ந்தார். அதில் காலை நீட்ட முடியாது, முழங்கால் நெஞ்சுக்கு ஏறிவிடும், யாரும் விரும்பி உட்கார மாட்டார்கள், அதனாலேயே அது அவருக்கு எப்போதும் கிடைத்துவிடும். மடியில் ரெக்சின் பை, பைக்குள் தலைமைத் தபால் நிலையத்துப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த நான்கு கடிதங்கள். அடிபட்டு, சூடுபட்டு, கட்டிய புடவையோடு வீட்டைவிட்டு வந்த பெண்களுக்கு லூர்து டீச்சர் நடத்தும் அந்த இல்லத்துக்கு முகவரி என்று ஒன்று கிடையாது. வாசலில் பலகை கிடையாது. கடிதம் எல்லாம் திருச்சி தபால் நிலையத்துப் பெட்டி எண்ணுக்கு வரும், கோதண்டம் வாரம் மூன்றுநாள் மத்தியானம் போய் எடுத்துவருவார். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, இல்லம் இருக்கும் நிறுத்தத்தில் ஏறவோ இறங்கவோ கூடாது. ஒரு நிறுத்தம் தள்ளி செக்போஸ்ட்டில் இறங்கி, மாட்டாஸ்பத்திரிக்குப் பின்பக்கமாக நடந்து வரவேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு டீச்சர் சொன்ன முதல் விதி அது. மூன்று வருஷமாக மழையிலும் வெயிலிலும் அவர் அதைத் தவறவிட்டதில்லை. ஐம்பத்தைந்து வயதில், மருந்து மொத்தக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு, தன்னால் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற முடிகிறது என்பதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பதுகூட அந்தப் பெருமையில் சேர்த்தி. "செக்போஸ்ட்டா சார்," என்று கண்டக்டர் பதிலுக்குக் காத்திராமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். "மூணு வருஷமா பாக்குறேன், செக்போஸ்ட்ல அப்படி என்ன சார் இருக்கு, ஒரு டீக்கடைகூட உருப்படியா இல்ல." கோதண்டம் சிரித்து வைத்தார். பதில் சொல்லாமல் சிரித்து வைப்பதையும் இந்த மூன்று வருஷத்தில்தான் கற்றுக்கொண்டார்.

முன்னிருக்கையில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஒரே போனில் தலைகளை முட்டிக்கொண்டிருந்தார்கள். "இது எங்கடி எடுத்தது, ஏற்காடா?" என்றது ஒன்று. "தெரியலயே. படத்த மேல தள்ளு, காட்டும்." "என்னத்த காட்டும்?" "எடுத்த இடத்தக் காட்டும்டி லூசு, மேப்போட. பாரு, கொல்லிமலை. அப்ப இவ அம்மாகிட்ட ஏற்காடுன்னு புளுகியிருக்கா." இரண்டும் சிரித்தன. கோதண்டத்துக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவிடம் புளுகிய பெண் மாட்டிக்கொண்டாளே என்ற சிரிப்பு அது, அதற்குள் வேறு ஒன்றும் இல்லை. பஸ் பாலத்தில் ஏறியது, காவிரிக்காற்று வந்து முகத்தில் பட்டது, சும்மா பொழுதுபோகாமல் தன் போனை எடுத்து, கையில் அகப்பட்ட முதல் படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளினார். தேதி வந்தது. நேரம் வந்தது. அதற்குக் கீழே ஒரு சின்ன வரைபடம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியைத் தொட்டார். தெரு வந்தது, மாட்டாஸ்பத்திரி வந்தது, வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற கூரைகள் வந்தன, ஒரு மொட்டைமாடி, அதன் மூலையில் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில், அவர் அன்றைக்கு எந்த இடத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து படம் எடுத்தாரோ அதே இடத்தில், சிவப்புப் புள்ளி. ஒரு சாண் பிசகவில்லை.

அது ஆடிப்பெருக்குப் படம். பெண்களை ஆற்றுக்குக் கூட்டிப்போக முடியாது, அன்றைக்கு அம்மாமண்டபப் படித்துறையில் ஊரே திரளும், எந்தக் கூட்டத்தில் எவன் நிற்பான் என்று யார் கண்டது. அதனால் டீச்சர், தான் வேதக்காரி என்றாலும், மாடியில் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி இதுதான் காவிரி என்று சொல்லிவிட்டார். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம். அண்டாவில் பூ போட்டு, விளக்கு மிதக்கவிட்டு, ஒருத்தி கையில் ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டினார்கள். வருஷ அறிக்கைக்குப் படம் வேண்டுமென்று உதவி செய்கிற அறக்கட்டளைக்காரர்கள் கேட்டிருந்தார்கள், கோதண்டம் எடுத்தார். ஆறு மெகாபைட். அவர்கள் வலைத்தளம் இருநூறு கேபிக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. ஏற்றினால் சிவப்பு எழுத்தில் அளவு அதிகம் என்று துப்பிவிடும், அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சுருக்கி அனுப்பச் சொல்வார்கள். போனவருஷம் இதோடு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இந்த வருஷம் தானே தேடி ஒரு செயலி கண்டுபிடித்து, முதலில் ஐந்து பெண்களின் முகத்தின்மேலும் வட்டம் போட்டு மறைத்து, பிறகு சுருக்கினார். இருநூற்று நாற்பது. இன்னும் கொஞ்சம். இருநூற்றுப் பத்து. இன்னும். நூற்று எண்பது. எவ்வளவு அழகாகச் சுருங்கியது. ஆறு மெகாபைட்டில் இருந்ததில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை, ஆனாலும் பார்த்தால் படம் அப்படியே இருந்தது, அவருக்கே ஆச்சரியம். மகனிடம் கேட்டபோது அவன் சொன்னான், கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் தூக்கிப் போட்டுடும்ப்பா, நாம கவனிக்க மாட்டோம்னு அதுக்குத் தெரியும். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. புடவைக் கரையின் இழைகளைத் தூக்கிப்போட்டது, வேப்பிலைகளைத் தனித்தனியாகக் காட்டிய ஓரங்களைத் தூக்கிப்போட்டது, அண்டாத் தண்ணீரின் சுருக்கங்களை, சுவரின் பாசியை, வானத்தில் இருந்த நாலைந்து நீலங்களில் மூன்றை. இத்தனையையும் தூக்கிப்போட்ட அது, இந்தப் புள்ளியை மட்டும் ஏன் தூக்கிப்போடவில்லை. கண்ணுக்குத் தெரியாதது என்றால் இதுதானே கண்ணுக்குத் தெரியாதது. இதை வைத்துக்கொள்ள எவ்வளவு இடம் வேண்டும், ஒரு தபால்தலையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம், இரண்டே இரண்டு எண்கள். போன் வாங்கிய அன்று, படம் எடுக்கும் இடத்தைப் பதிவு செய்யட்டுமா என்று அது கேட்டிருக்கும். கேட்டது. அவருக்கு இப்போது நினைவு வருகிறமாதிரி இருந்தது. அவர் சரி என்று அழுத்தியிருப்பார். போன் எதைக் கேட்டாலும் அவர் சரி என்றுதான் அழுத்துவார், இல்லை என்று அழுத்தினால் ஏதாவது நின்றுபோய்விடுமோ என்ற பயம், வாழ்க்கை முழுக்க இருந்த பயம்.

இது என் போனில் இருக்கும் படம்தானே, என்று ஒரு எண்ணம் கிளைவிட்டது. அனுப்பியதில் இருக்காது. சுருக்கியதில் இருக்காது. சுருக்கும்போது உதிர்ந்திருக்கும். உறுதி செய்துகொள்ள, அவர் வட்டம் போட்டுச் சுருக்கிய அந்த நூற்று எண்பது கேபி படத்தைத் தேடி எடுத்து மேலே தள்ளினார். தொட்டி. மொட்டைமாடி. புள்ளி. அறக்கட்டளையின் வலைத்தளத்துக்குப் போய், எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்த பக்கத்தில் அதே படத்தை இறக்கினார், இறங்கும்வரை அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, இறங்கியதும் மேலே தள்ளினார். புள்ளி. முன்னிருக்கைப் பெண் திரும்பி, "அங்கிள், ஜன்னல கொஞ்சம் சாத்துறீங்களா," என்றாள். சாத்தினார். சாத்திவிட்டு எதற்குச் சாத்தினோம் என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இளம்பரிதி சென்னையில் இருக்கிறான். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தான். கோதண்டம் பஸ்ஸில் யாருக்கும் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். அந்தப் பக்கம் கொஞ்சநேரம் தட்டச்சுச் சத்தம்.

"ஆமா சார். இருக்கு சார்."

"எப்படித் தம்பி இருக்கும், நான் சுருக்கித்தானே அனுப்புனேன்."

"சுருக்குனா படம்தான் சார் சுருங்கும், கூட வர்ற தகவல் சுருங்காது, நாமதான் எடுக்கணும். வாட்சப்ல சாதாரணமா போட்டோவா அனுப்பியிருந்தீங்கன்னா அதுவே உதுத்திருக்கும். நீங்க டாக்குமெண்ட்டா அனுப்பிட்டீங்க."

"நீங்கதானே தம்பி போன வருஷம் டாக்குமெண்ட்டா அனுப்பச் சொன்னது."

"அது கிளாரிட்டிக்காக சொன்னேன் சார். போன வருஷம் எல்லா மூஞ்சியும் கொழகொழன்னு இருந்துச்சுல்ல."

"மூஞ்சியத்தான் நாம மறைச்சிடறோமே."

மறுபடி தட்டச்சுச் சத்தம். "இப்பவே படத்தத் தூக்கிடறேன் சார். ரெண்டு நிமிஷம். ஆனா திங்கட்கிழமையிலருந்து இருக்கு. அஞ்சு நாள். எறக்கி வச்சவங்க கையில இருக்கறத நாம ஒண்ணும் செய்ய முடியாது."

"எத்தனை பேரு?"

"எறக்குனதா சார்? முப்பத்தொண்ணு." பிறகு, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று, "அதுல ஒண்ணு நீங்களா இருக்கும் சார், இப்பத்தானே எறக்குனீங்க," என்றான்.

அப்படியானால் முப்பது. ஒன்றைக் கழித்ததில் ஏதோ கிடைத்துவிட்டமாதிரி அவர் மனம் அதைப் பற்றிக்கொண்டது. டீச்சர் ஒரு தடவை இறக்கியிருப்பார், இருபத்தொன்பது. இளம்பரிதி ஒன்று, இருபத்தெட்டு. அறக்கட்டளை ஆபீசில் நாலைந்து பேர். படம் வந்துவிட்டதா என்று அவரே திங்கட்கிழமை ஒருதடவை இறக்கிப் பார்த்தார், இல்லை, பார்த்தார், இறக்கினாரா. இருபது பேராவது மிச்சம். அந்த இருபது பேருக்கும் அவர் முகம் கொடுக்க முயன்றார். கண்ணாடி போட்ட ஒரு பாங்க் அதிகாரி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு டாக்டரம்மா, ஒரு கல்லூரி மாணவன். நல்லவர்கள். இப்படிப்பட்ட பக்கத்துக்கு நல்லவர்கள்தானே வருவார்கள். பத்தொன்பது பேர்வரை நல்லவர்களாக்க முடிந்தது. இருபதாவது ஆள் ஒவ்வொருதடவையும் லோடுவண்டி ஓட்டுகிறவனாக, காக்கிச் சட்டையின் கைமடிப்பு கத்திமுனையாக நிற்கிறவனாக வந்து நின்றான். இல்லத்தில் இருக்கும் செண்பகத்தின் புருஷன், அவனைக் கோதண்டம் பார்த்ததில்லை. அந்தக் கைமடிப்பைப் பற்றி செண்பகம் ஒருநாள் காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னாள். மடிப்பு சரியாக விழவில்லை என்றுதான் அன்றைக்கு இஸ்திரிப்பெட்டியை அவள் கையில் வைத்தானாம். இடது முழங்கைக்குக் கீழே, பெட்டியின் முனை அப்படியே பதிந்து, வெற்றிலை நுனியை வெட்டி ஒட்டினமாதிரி பளபளவென்று ஒரு தழும்பு. மூன்றாம் நாள் மகளைத் தூக்கிக்கொண்டு கரூரிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். தர்ஷினி இந்த ஜூன் மாதம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறது, வேறு இனிஷியலில்.

படத்தின் நடுவில் அந்தக் கைதான் இருந்தது. பக்கத்தில் நிற்கிறவள் கயிறு கட்டுவதற்காகச் செண்பகம் இடதுகையை நீட்டியிருக்கிறாள். எடுத்த பதினான்கு படங்களில் கோதண்டம் இதைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கைக்காகத்தான். மஞ்சள் கயிறும் அதைக் கட்டுகிற விரல்களும் அவ்வளவு நன்றாக விழுந்திருந்தன. முகத்தை மறைத்தவருக்குக் கையை மறைக்கத் தோன்றவில்லை. முகம்தான் ஆள் என்று யார் சொன்னது. இப்போது படத்தை இரண்டு விரலால் விரித்தார், இன்னும் விரித்தார், கை பெரிதாகி, பெரிதாகி, சதுரம்சதுரமாக உடைந்தது. மாநிறச் சதுரம், அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் வெளுத்த சதுரம், மறுபடி மாநிறம். தழும்பு இதுதானா. இல்லை வெயிலா. நூற்று எண்பதுக்குக் கொண்டுவரும்போது தழும்பையும் தூக்கிப் போட்டிருக்கும், கவனிக்க மாட்டார்கள் என்று அதற்குத் தோன்றியிருக்கும், தோன்றியிருக்க வேண்டும் என்று அவர் மனதுக்குள் அந்த முகம்தெரியாத செயலியைக் கும்பிட்டார். விரலை எடுத்தார், படம் சுருங்கியது, சுருங்கியதும் தழும்பு திரும்பவும் தழும்பாக வந்து உட்கார்ந்தது. விரித்தால் இல்லை, விட்டால் இருக்கிறது. இது எனக்குத் தெரிந்ததால் தெரிகிறது, தெரியாதவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான், எந்தச் சதுரத்தைக் காட்டினாலும் அடையாளம் சொல்லிவிடுவான்.

பஸ் நின்றது. ரயில்வே கேட். என்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் கீழே இறங்கி உடம்பை முறித்தார். கோதண்டத்தின் கட்டைவிரல் போனில் லூர்து டீச்சர் பெயரின்மேல் போய் நின்றது, அழுத்தவில்லை. என்ன சொல்வது. டீச்சர், நான் ஒரு தப்பு. டீச்சர், அந்தப் படத்துல. டீச்சர் கத்த மாட்டார், அதுதான் கஷ்டம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, செண்பகத்துக்குச் சொல்லியாச்சா என்றுதான் முதலில் கேட்பார். நேரில் சொல்வதுதான் மரியாதை. இருபது நிமிஷத்தில் நேரில் சொல்லிவிடலாம். அந்த இருபது நிமிஷத்தில் என்ன ஆகிவிடும். ஐந்து நாளில் ஆகாதது. ஆகாதது என்று யார் சொன்னது. நேற்று தெருமுனையில் ஒரு லோடுவண்டி நின்றது. லோடுவண்டி எந்தத் தெருமுனையில்தான் நிற்காது. அதில் கரூர்ப் பதிவெண் இருந்ததா. பார்க்கவில்லை, பார்த்தமாதிரியும் இருந்தது, நாற்பத்தேழு என்று ஒரு எண் கண்முன் வந்து நின்றது, அது நேற்றுப் பார்த்ததா இப்போது பயம் எழுதியதா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்குமுன் செண்பகத்தின் படம் எல்லாக் குழுக்களிலும் சுற்றியது. காணவில்லை, மனநிலை சரியில்லாதவர், குழந்தையுடன் சென்றுவிட்டார், பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும் என்று, கீழே அவன் நம்பர். கல்யாணத்தில் எடுத்த படம், சிரிக்கிறாள். கோதண்டத்தின் அத்தான் மகனே அதை அவருக்கு அனுப்பி, பாவம் யாருபெத்த பொண்ணோ, ஷேர் பண்ணுங்க மாமா என்று எழுதியிருந்தான். அந்தப் பாவப்பட்டவள் அப்போது பத்தடி தூரத்தில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். இவர் அனுப்பவில்லை. ஆனால் அதற்கு நாலு வருஷத்துக்குமுன், மருந்துக்கடையில் இருந்தபோது, இதேமாதிரி ஒரு பெண்ணின் படம் வந்தது, பச்சைப்புடவை, நெற்றியில் வெட்டுத்தழும்பு, அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருபத்துமூன்று பேருக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு ஒரு நல்லகாரியம் செய்த நிறைவோடு டீ குடித்தார். அந்தப் பச்சைப்புடவைக்காரி கிடைத்தாளா. யாருக்குக் கிடைத்தாள். இந்தக் கேள்வி இல்லத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் அவருக்குள் வந்தது, அதற்காகத்தானோ என்னவோ ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடக்கும்போதெல்லாம் கடனைக் கொஞ்சம்கொஞ்சமாகத் தீர்ப்பதாக அவருக்குத் தோன்றும். மூன்று வருஷம் நடந்து தீர்த்த கடனை ஒரு விரல் அழுத்தலில் திரும்பவும் ஏற்றிவிட்டேன். கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, முடிவதாகத் தெரியவில்லை, எண்ண ஆரம்பித்துப் பதினேழில் விட்டுவிட்டார். விரல் இன்னும் டீச்சர் பெயரின்மேலேயே இருந்தது. பிறகு திரை தானாக அணைந்துவிட்டது.

கேட் திறந்து பஸ் நகர்ந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: இன்றைக்கு செக்போஸ்ட் வரைக்கும் போவதில்லை, இல்லத்து நிறுத்தத்திலேயே இறங்கி ஓடுவது. பத்து நிமிஷம் மிச்சம். இனி சுற்றிப்போய் எதை மறைக்க, உலகத்துக்கே புள்ளி வைத்துக் கொடுத்தாயிற்று. நிறுத்தம் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவர் பையை நெஞ்சோடு பிடித்து எழப்போனார், எழவில்லை. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால். இத்தனை நாள் காத்ததை இன்றைக்குப் போய். புளியமரத்தடியில் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான், பஸ் நிற்கிற இடத்தில் நிற்கிறவன் பஸ்ஸைத்தானே பார்ப்பான். விசில் அடித்துவிட்டார் கண்டக்டர். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் இல்லத்துத் தெரு ஒரு கணம் திறந்து, உள்ளே வெயில் தெரிந்து, மூடிக்கொண்டது. உபயோகமில்லாத விதி என்று தெரிந்தும் அதற்குக் கீழ்ப்படிகிற இந்த உடம்பு, சரி சரி என்று அழுத்துகிற அதே உடம்புதான் என்று அவருக்குப் பட்டது. செக்போஸ்ட்டில் இறங்கினார். மாட்டாஸ்பத்திரிக்குப் பின்பக்கமாக நடந்தார், ஓடவில்லை, ஓடினால் பார்ப்பார்கள். ஒரு கன்றுக்குட்டி ஊசிக்குப் பயந்து கத்திக்கொண்டிருந்தது. வழியில் இரண்டுதரம் திரும்பிப் பார்த்தார், பின்னால் யாரும் வரவில்லை. யார் பின்னால் வரப்போகிறார்கள், முன்னாலேயே போய் நிற்கலாம் இனிமேல்.

தெருமுனையில் லோடுவண்டி எதுவும் இல்லை. இரும்புக் கதவை மூன்றுதரம் தட்டி, நிறுத்தி, ஒருதரம் தட்டினார். உள்ளே செருப்புச் சத்தம், ஓட்டையில் ஒரு கண், தாழ்ப்பாள் விலகியது. செண்பகம்தான். தோளில் ஈரத்துணிகள், கொடியில் பாதி காயப்போட்டிருந்தாள், தர்ஷினியின் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே இம்புட்டு நேரம், கேட்டு போட்டுட்டானா," என்றாள். "படம் வந்துருச்சாம்ல. டீச்சரம்மா காலைல காட்டுனாங்க. எங்க மூஞ்சியெல்லாம் பூசணிக்காயாட்டம் வட்டம் போட்டு வச்சிருக்கீங்க. அதுலயும் இந்தக் குட்டி கண்டுபிடிச்சிட்டாண்ணே. எட்டநின்னு பாத்தா, உடனே இது அம்மா கையின்னுட்டா."

அவள் சிரித்துக்கொண்டே அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். ஆடிப்பெருக்குக் கயிறு மஞ்சள் வெளுத்து இன்னும் மணிக்கட்டில் இருந்தது. கோதண்டம் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். பூட்டை எடுத்துப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார், இன்னொருதரம் இழுத்துப் பார்த்தார். பகலில் அந்தப் பூட்டைப் போடுகிற வழக்கம் இல்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செண்பகத்தின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தை அவள் இதற்குமுன் வேறு ஆட்களிடம் பார்த்திருக்கிறாள் என்பது தெரிந்தது.

"எப்பக் கிளம்பணும்ண்ணே," என்றாள்.

அவர் பதில் சொல்வதற்காக அவள் நிற்கவில்லை. கொடிப்பக்கம் போய், சற்றுமுன் காயப்போட்ட துணிகளை ஒவ்வொன்றாக, சொட்டச்சொட்ட, எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.